டாப்பெட் சத்தம்

— கொஞ்சம் பேசாம இருங்கம்மா. ஸ்க்ரூடிரைவரோட ஒரு முனை இஞ்சின் மேல, இன்னொரு முனை என் காதுல. நீங்க பேசினா உங்க குரல்தான் கேக்குது, இஞ்சின் கேக்க மாட்டேங்குது.

— சரிண்ணே.

— ம்... முதல் ரெண்டும் சுத்தம். மூணாவது... இந்தா இருக்கான் திருட்டுப்பய. டிக் டிக் டிக்னு. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் குடுத்தா கூடவே ஓடுறான் பாருங்க. சரி, அணைச்சாச்சு. இப்ப சொல்லுங்க, உங்க வண்டி எது?

— இதுதாண்ணே.

— இதா? இந்தக் காரை காலையில ஒரு சார் வந்து விட்டுட்டுப் போனாரு. கண்ணாடி போட்டுக்கிட்டு, சட்டை கசங்காம.

— அவர் வீட்டுலதாண்ணே நான்.

— அடடே, சாரோட வீட்டம்மாவா? அத மொதல்லயே சொல்லக் கூடாதா, இவ்வளவு நேரம் வாசல்லயே நிக்க வச்சுட்டேனே. உக்காருங்க. அந்த டயர் மேல வேண்டாம், சேலையெல்லாம் கிரீஸாயிடும். இந்தா ஸ்டூல். சார் ஆபீஸ் விட்டு சாயந்தரம் வந்து எடுத்துக்கிறேன்னாரே, அதுக்குள்ள உங்கள அனுப்பிட்டாரா?

— இல்லண்ணே. நான் வந்தது அவருக்குத் தெரியாது. சும்மா இந்தப் பக்கம் வந்தேன். வண்டிய எதுக்கு விட்டிருக்காருன்னு கேட்டுட்டுப் போலாம்னு.

— சத்தத்துக்குத்தான். அவர் வண்டி வந்தா ஆபீஸ்ல மேல் மாடி வரைக்கும் கேக்குதாம், கூட இருக்கிறவங்க கிண்டல் பண்றாங்களாம். மனுஷன் என்ன மரியாதையா பேசுறாரு தெரியுமா? எனக்கு வர்ற ஆளுங்க, சாவியத் தூக்கிப் போட்டுட்டு போயிக்கிட்டே இருப்பாங்க. இவரு கையில குடுத்து, 'அவசரமில்ல, பொறுமையா பாருங்க'ங்குறாரு. நான் கூட சொன்னேன், சார், உங்க வண்டிக்குள்ள ஒரு டைப்பிஸ்ட் உக்காந்து டைப் அடிச்சுக்கிட்டு இருக்கான்னு. சிரிச்சாரு.

— சிரிச்சாரா?

— ஆமா. நான் எல்லா சத்தத்துக்கும் ஒரு பேர் வச்சிடுவேன். பெல்ட் கத்தினா பூனை, பேரிங் போனா கிழவன். பேர் வச்சாத்தான் எனக்கு வேலையே ஓடும், பாத்துக்கோங்க.

— ஆபீஸ்ல கிண்டல் பண்றாங்கன்னு மட்டும்தான் சொன்னாராண்ணே? வேற எதுவும் சொல்லலையே? வீட்டைப் பத்தி எதுவும்?

— மெக்கானிக்கிட்ட வந்து வீட்டைப் பத்தி என்னத்தம்மா சொல்லப்போறாங்க?

— அதுவும் சரிதான்.

— நீங்க எதுக்குக் கலங்குறீங்க? வண்டிக்கு ஒன்னுமில்ல. வயசாச்சு, அவ்வளவுதான். மொதல்ல எண்ணெய் கம்மியோன்னு பாத்தேன், வத்திப்போனாலும் இப்படித்தான் தட்டும். அளவுக் குச்சிய உருவிப் பாத்தா நிறையவே இருக்கு. சைலன்சர் சேருற இடத்துல ஓட்டை ஏதாச்சும் இருக்கான்னு கை வச்சுப் பாத்தேன், காத்து வரல. பிளக்கும் இறுக்கமாத்தான் இருக்கு. மிச்சம் டாப்பெட். இப்பத்தான் காதால பிடிச்சேன்.

— அப்படின்னா என்னண்ணே?

— உள்ள வால்வுன்னு இருக்கு, கதவு மாதிரி திறந்து மூடும். அதைத் தட்டித் திறக்குற குட்டிச் சுத்தியல்தான் டாப்பெட். ரெண்டுக்கும் நடுவுல ஒரு தலைமுடி நுழையுற இடம் இருந்தாப் போதும். இங்க ஒரு நட்டு தளர்ந்துபோய் நகமே நுழையுது. அதான் ஒவ்வொரு தடவையும் ஓங்கித் தட்டுது.

— அந்த நட்டை இறுக்கினா?

— பேச்சு மூச்சு இருக்காது.

— இன்னைக்கே செய்யணுமாண்ணே? வேற பெரிய வேலை ஒன்னு வந்துடுச்சு, முடியலன்னு அவர்கிட்ட சொல்லக் கூடாதா?

— பெரிய வேலையா? நானே ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன். கண்ணு மூடித் திறக்குறதுக்குள்ள ஆயிடும். மூடியைக் கழட்டியாச்சு, பாருங்க. இந்தத் தகட்டை இடையில விட்டு, இப்படி இழுத்தா லேசாப் பிடிக்கணும். பிடிக்குது. ஸ்க்ரூவை அசையாமப் பிடிச்சுக்கிட்டு, நட்டை ஒரு திருகு. அவ்வளவுதான். மூடியப் போட்டுடுவோம். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஸ்டார்ட் பண்றேன்.

— அண்ணே...

— இருங்க இருங்க. ம். என்ன கேக்குது?

— ஒன்னும் கேக்கல.

— நல்லாக் கேளுங்க.

— ஒன்னுமே கேக்கலண்ணே.

— அதுதாம்மா வேலை. டைப்பிஸ்ட்டை வீட்டுக்கு அனுப்பியாச்சு. இனிமே சார் வந்து பக்கத்துல நின்னாலும் உங்களுக்குத்... என்னம்மா? எதுக்கு அழறீங்க? ஏம்மா, தண்ணி வேணுமா? வெயில்ல வந்தீங்களா?

— அதைப் பழையபடி ஆக்கிடுங்கண்ணே.

— எதை?

— சத்தத்தை.

— வெளையாடுறீங்களா?

— இல்லண்ணே. உங்க காலைத் தொட்டுக் கேட்டுக்குறேன். அது இல்லாம அந்த வண்டி எங்க வீட்டுக்கு வரக் கூடாது.

— எந்திரிங்க மொதல்ல. யாராச்சும் பாத்தா நான் என்னமோ பண்ணிட்டேன்னு நினைப்பாங்க. எந்திரிங்க. உக்காந்து சொல்லுங்க, எனக்கு ஒன்னும் புரியல.

— அந்தச் சத்தத்தை வச்சுத்தாண்ணே நாங்க பொழைக்கிறோம். நானும் ரெண்டு பொண்ணுங்களும். அவர் வீடு வந்து சேர ராத்திரி ஆயிடும், வண்டி எங்க தெருவுக்குள்ள திரும்பினதுமே கேட்டுடும். கேட்டதும் டிவியை அணைக்கணும். பெரியவ புத்தகத்தை அள்ளிக்கிட்டு உள்ள ஓடணும். சின்னவளுக்குப் போர்வையை இழுத்து விடணும். வண்டி வாசல்கிட்ட வந்து நிக்கிறப்ப வீடே தூங்கியிருக்கும்.

— சரி, தூங்கலன்னா?

— தூங்குறவங்களை அவர் ஒன்னும் பண்ண மாட்டாரு. அதுக்குத்தான் தூங்குறோம்.

— குடியா?

— குடிச்சாக் கூட அதைச் சொல்லி மனசைத் தேத்திக்கலாமே. ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. சத்தமா ஒரு வார்த்தை வராது. கதவைச் சாத்துவாரு. வாட்ச்சைக் கழட்டி மேசை மேல வைப்பாரு. சட்டைக் கையை மடிச்சு விடுவாரு. அதைப் பாத்ததும் புள்ளைங்களை எனக்குப் பின்னால தள்ளிக்குவேன்.

— எதுக்கும்மா? ஒரு காரணம் இருக்கணுமே.

— சிரிச்சா. ரெண்டு பேர் சேந்து பேசிக்கிட்டிருந்தா. 'என்னைப் பத்தித்தானே'ம்பாரு. இல்லன்னு சொன்னா பொய் சொல்றதுக்கு. பேசாம இருந்தா திமிருக்கு.

— அந்தச் சாரா? என்னால நம்ப முடியல. தப்பா நினைக்காதீங்க, ஆளைப் பாத்தா...

— யாராலயும் நம்ப முடியாதுண்ணே. எங்க அண்ணன் ரெண்டு பேரும் அவர்தான் தங்கம்னு சொல்லுவாங்க. ஒரு தடவை போலீஸ் ஸ்டேஷன் போனேன். அவரே வந்து கூட்டிட்டுப் போனாரு. போறதுக்கு முன்னாடி அங்க இருந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் குடுத்தாரு.

— என்னத்தச் சொல்ல.

— ஒரு நாள் வண்டி மக்கர் பண்ணிடுச்சு, ஆபீஸ் வேன்ல வந்து இறங்கியிருக்காரு. எங்களுக்குத் தெரியல. பெரியவ டான்ஸ் ஆடிக் காட்டுறா, சின்னவ குதிக்கிறா, நான் கை தட்டிக்கிட்டு இருக்கேன். கதவைத் திறந்து நின்னு பாத்துக்கிட்டே இருந்திருக்காரு. எவ்வளவு நேரம் நின்னாரோ. சின்னவதான் மொதல்ல பாத்தா. அப்படியே நின்னுட்டா.

— அப்புறம்?

— பெரியவளுக்கு இடது கை இன்னும் முழுசா மடங்கல. ஸ்கூல்ல மாடிப்படியில விழுந்துட்டான்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கோம்.

— எனக்கும் ஒரு பொண்ணு இருக்கு. அவளும் இப்படித்தான், டிவியில பாட்டு வந்தா சும்மா இருக்க மாட்டா. அந்த வீட்டை விட்டு வர முடியாதாம்மா உங்களால?

— வரத்தான் போறோம். என்கூட வேலை பாக்குற அக்கா அவங்க ஊர்ல ஒரு ரூம் பாத்து வச்சிருக்காங்க. பெரியவளுக்குப் பரீட்சை நடக்குது. அது முடியணும். முடிஞ்ச அன்னைக்கே போயிடுவோம். அதுவரைக்கும் அவருக்கு ஒரு சந்தேகம் வரக் கூடாது, எங்களுக்கு ஒன்னும் ஆகவும் கூடாது. அந்தச் சத்தம் மட்டும் இருந்தா ஓட்டிடுவேண்ணே. ஏதோ ஒரு காரணம் சொல்லி அப்படியே குடுத்துடுங்க.

— அவர் ஒத்துக்கணுமே. சத்தத்துக்குன்னே விட்ட வண்டி.

— உங்களை நம்புவாரு. வேலை தெரிஞ்சவங்க சொன்னாக் கேட்டுக்குவாரு. வெளி ஆளுங்க யாரையும் அவர் எதிர்த்துப் பேசினதே இல்ல.

— நான் இந்த ஷெட்டைப் போட்டதுலேர்ந்து என் கையால ஒரு வண்டியைக் கெடுத்து அனுப்பினதில்ல, பாத்துக்கோங்க. சரியாக்கினதைத் திரும்பக் கெடுக்குறதுன்னா மனசு வரல. ம். அந்த ஸ்பேனரை எடுங்க தங்கச்சி. அது இல்ல, சின்னது.

— இதாண்ணே?

— அதுதான். தளர்த்திட்டேன். ரொம்ப விட்டா உள்ள உடைச்சிடும், அதுக்கு மேல வண்டியே நின்னு போயிடும். அதுவும் ஆகாது. ஸ்டார்ட் பண்றேன், கேட்டுச் சொல்லுங்க. எப்படி?

— இல்லண்ணே. இது சன்னமா இருக்கு. இது ஜன்னல் சாத்தியிருந்தாக் கேக்காது.

— சரி, இப்ப?

— இன்னும் கொஞ்சம் கனமா இருக்கும். ரெண்டு தட்டுக்கு நடுவுல ஒரு மூச்சு விடுற மாதிரி.

— நாங்கெல்லாம் வருஷக்கணக்கா கத்துக்கிட்டதை நீங்க படுக்கையில இருந்தே கத்துக்கிட்டு இருக்கீங்க. இதுல வேடிக்கை என்னன்னா, இஞ்சின் சூடானா சத்தம் கொஞ்சம் அமுங்கும். ஆபீஸ்லேர்ந்து வர்றப்ப சூடாத்தான் வரும். அதுக்கும் சேத்து ஒரு நூல் கூட வைக்கிறேன். இப்ப கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க.

— இதுதாண்ணே. இதேதான். பாருங்க, கை காலெல்லாம் தன்னால எந்திரிச்சு ஓடப் பாக்குது.

— போதும் போதும், அணைச்சிட்டேன். உக்காருங்க. மூச்சை விடுங்க.

— சின்னவ இதை மரங்கொத்தின்னு சொல்லுவாண்ணே. அவளா வச்ச பேரு. 'அம்மா, மரங்கொத்தி வருது'ன்னு எங்களுக்கு முன்னாடி அவளுக்குத்தான் கேக்கும். அவ சொன்னா நாங்க ஓடிடுவோம்.

— மரங்கொத்தியா? அட, டைப்பிஸ்ட்டை விட இது நல்லா இருக்கே. எனக்குத் தோணாமப் போச்சு. கொத்துற மாதிரியேதான் இருக்கு. கெட்டிக்காரக் குட்டி.

— கெட்டிக்காரியா இருக்க வேண்டிய வயசாண்ணே அது. நான் கிளம்புறேன். பஸ்ஸைப் பிடிக்கணும், புள்ளைங்க வர்றதுக்குள்ள வீட்டுல இருக்கணும்.

— உங்க நம்பர் குடுத்துட்டுப் போங்க. ஏதாச்சும்னா ஒரு வார்த்தை சொல்றேன்.

— வேண்டாம்ணே. என் போனை தினமும் அவர்தான் வாங்கிப் பாப்பாரு.

— சரி, என் நம்பரையாவது...

— எதுவும் வேண்டாம். நான் இங்க வரவே இல்ல. அது போதும். நீங்க செஞ்சது என் ஆயுசுக்கும் மறக்காது.

— போயிட்டு வாங்க. புள்ளைங்களைப் பாத்துக்கோங்க. நான் பேசிக்கிறேன் அவர்கிட்ட. பேசுறதுல என்னை யாரும் அடிச்சுக்க முடியாது.

*

— வாங்க சார், வாங்க. சொன்னபடி ஆபீஸ் விட்டதும் வந்துட்டீங்க.

— ஒன்னும் அவசரமில்ல. வேலை முடியலன்னா நாளைக்கு வர்றேன்.

— முடிஞ்சுது சார். முடிஞ்சுதுன்னா, முடியலன்னும் வச்சுக்கலாம். அதைத்தான் எப்படிச் சொல்றதுன்னு பாக்குறேன்.

— தயங்காம சொல்லுங்க. எனக்கு இதைப் பத்தி ஒன்னும் தெரியாது. நீங்க சொல்றதுதான்.

— எண்ணெய் பாத்தேன், சைலன்சர் பாத்தேன், பிளக் பாத்தேன், எல்லாம் சரியா இருக்கு. சத்தம் டாப்பெட்லேர்ந்துதான் வருது. இறுக்கிப் பாத்தேன். ஆனா உள்ள அந்தச் சாமான் தேய்ஞ்சு போச்சு சார். இறுக்கினாலும் திரும்பத் தளர்ந்துடும். பழைய வண்டி, புதுச் சாமான் கடையில ரெடியா இருக்காது. சொல்லி வச்சு வரவழைக்கணும். ஒரு மாசம் கூட ஆகலாம்.

— அப்படியா. அதுவரைக்கும் ஓட்டலாமா?

— தாராளமா ஓட்டலாம் சார்.

— அப்ப சரி. ஒரு மாசம்தானே. இத்தனை நாள் கேட்ட சத்தம், இன்னும் ஒரு மாசம் கேட்டா என்ன ஆகிடப்போகுது? நீங்க உண்மையச் சொன்னீங்க பாருங்க, அதுவே பெரிசு. வேற ஆளா இருந்தா எதையாவது மாத்திட்டேன்னு சொல்லித் தள்ளிவிட்டிருப்பான்.

— ஐயோ, அந்த மாதிரி வேலையெல்லாம் நம்மகிட்ட கிடையாது சார். நான் கூட நீங்க சங்கடப்படுவீங்களோன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்.

— எதுக்கு சங்கடம்? மனுஷனுக்கே வயசானா முட்டி சத்தம் போடுது.

— அதைச் சொல்லுங்க. அப்ப நிம்மதியா எடுத்துட்டுப் போங்க சார். மரங்கொத்தி பாட்டுக்குக் கொத்திக்கிட்டு இருக்கட்டும், நீங்க பாட்டுக்கு ஓட்டிக்கிட்டு இருங்க.

— என்ன சொன்னீங்க?

— ஓட்டிக்கிட்டு இருங்கன்னேன் சார்.

— அதுக்கு முன்னாடி.

— அது... சும்மா ஒரு பேர் சார். நான் எல்லாச் சத்தத்துக்கும் ஒரு பேர் வைப்பேன். காலையிலயே சொன்னேனே.

— காலையில டைப்பிஸ்ட்னு சொன்னீங்க.

— டைப்பிஸ்ட்னா சொன்னேன்?

— ஆமா. நான் சிரிச்சேன். நல்லா ஞாபகம் இருக்கு.

— நடுவுல மாத்திட்டேன் போல சார். வேலை பாத்துக்கிட்டே கேட்டேனா, கொத்துற மாதிரி இருந்துச்சு. வாய்க்கு வந்ததுதான்.

— இருக்கும். எங்க சின்னப் பொண்ணு தூக்கத்துல பேசுவா. 'மரங்கொத்தி வந்துருச்சு, லைட்டை அணை'ன்னு. ஸ்கூல்ல ஏதோ கதை சொல்லிக் குடுத்திருக்காங்க போலன்னு நினைச்சேன். எந்தக் கதையில மரங்கொத்தி வந்தா லைட்டை அணைப்பாங்கன்னு மட்டும் எனக்குப் புரியல.

— குழந்தைங்க ஆயிரம் சொல்லும் சார். அது எல்லாருக்கும் தெரிஞ்ச பறவைதானே. தற்செயலா அமைஞ்சிருக்கும்.

— தற்செயலாத்தான் இருக்கும். உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?

— ஷெட்டு சார். தகரம், காலையிலேர்ந்து காயுது. சார், ஒன்னு பண்ணுங்க. வண்டி இன்னைக்கு இங்கயே இருக்கட்டும். நான் உக்காந்து இன்னொரு தடவை பாத்துடுறேன். எப்படியாச்சும் சத்தத்தை எடுத்துடலாம்.

— ஒரு மாசம் ஆகும்னீங்க.

— வேற ஒரு வழி தோணுது சார். பழைய சாமான் கடையில ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்ட கேட்டா...

— வேண்டாம் மெக்கானிக். நீங்க காலையிலேர்ந்து கஷ்டப்பட்டிருக்கீங்க. சாவியக் குடுங்க.

— சார், வாங்க ஒரு டீ சாப்பிட்டுட்டு போலாம். எதிர்லயே கடை இருக்கு.

— இன்னொரு நாள் சாப்பிடலாம். சாவி.

— இந்தாங்க சார்.

— ம். ஸ்டார்ட் பண்ணினதும் கேக்குது. ஏன் மெக்கானிக், நான் வண்டிக்குள்ளயே இருக்கிறதால இது எவ்வளவு தூரம் கேக்கும்னு யோசிச்சதே இல்ல. தெருமுனையில வந்தா வீட்டுக்குள்ள இருக்கிறவங்களுக்குக் கேக்குமா?

— கேக்காது சார். சத்தியமாக் கேக்காது. கதவு ஜன்னல் சாத்தியிருந்தா சுத்தமாக் கேக்காது.

— கேக்கும்னுதான் தோணுது. நான் எப்ப வந்தாலும் எல்லாரும் தூங்கிக்கிட்டுத்தான் இருக்காங்க.

— சார், அந்தச் சத்தத்தை எடுத்துடுறேன் சார். இப்பவே எடுத்துடுறேன். இறங்குங்க.

— பரவாயில்ல, அது அப்படியே இருக்கட்டும். இன்னையிலேர்ந்து வண்டியை மெயின் ரோட்டுலயே நிறுத்திட்டு, வீட்டுக்கு நடந்து போயிக்கிறேன்.